காத்தாடிக்கு எதிராக ஒருமனதாக

மெய்நிகர் விமானிகள் பேரவையின் கூட்டம் தொடங்கிவிட்டால் யாரும் ஒன்றுக்குப் போகக் கூடாது. செயலாளரின் மேசைமேல் ஒரு சிவப்பு பல்பு இருந்தது. அது எரிகிற வரைக்கும் எல்லோரும் இருக்கையில் பெல்ட்டோடு இருப்பதாகக் கணக்கு. பெல்ட் என்று எதுவும் கிடையாது, பிளாஸ்டிக் நாற்காலிதான். ஆனாலும் உட்கார்ந்ததும் இடுப்பில் கையை வைத்து ஒரு இழுப்பு இழுத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை வியாதிக்காரர்கள் இரண்டு பேர் இதற்குப் பயந்தே பேரவையை விட்டுப் போனார்கள். அவர்களை 'நடுவானில் இறங்கியவர்கள்' என்று குறித்து வைத்திருந்தார்கள்.

பேரவை உறுப்பினர்கள் யாரும் விமானம் ஓட்டியவர்கள் அல்லர். வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, சிமுலேட்டர் என்கிற விளையாட்டில் பயணிகள் விமானங்களை ஏற்றி இறக்குகிறவர்கள். விளையாட்டு என்ற சொல்லைப் பேரவையில் சொன்னால் தோளிலிருந்து ஒரு பட்டை போய்விடும். தோளில் பட்டை உண்டு, வெள்ளைச் சட்டை உண்டு, தொப்பி உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி அறையைப் பிடித்து, நாற்காலிகளைப் பக்கத்துக்கு இரண்டாகப் போட்டு, நடுவில் பாதை விட்டிருப்பார்கள். தலைவர் எல்லோருக்கும் முன்னால், எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு மைக்கோடு உட்காருவார். கேப்டன் அப்படித்தானே உட்காருவார். அவர் குடிநீர் வாரியத்தில் மேலதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலம் முழுக்க மக்களுக்கு முகத்தைக் காட்டாமலே பழகியவர் என்பதால் இது அவருக்குச் சிரமமாக இல்லை.

"உங்கள் கேப்டன் பேசுகிறேன். வெளியே வானிலை தெளிவாக இருக்கிறது" என்று ஆரம்பிப்பார். வெளியே மழை கொட்டினாலும் தெளிவுதான். அன்று காலை அவர் வீட்டு சிமுலேட்டரில் என்ன வானிலையோ அதுதான் பேரவையின் வானிலை.

நம்முடைய ஆள் அந்தப் பேரவையில் மூன்று பட்டைக்காரர், நாலு பட்டை இருந்தால்தான் கேப்டன். தொழில் மூக்குக்கண்ணாடிக் கடை. பேரவைக்குப் போகும்போது வெள்ளைச் சட்டைக்கு மேலே ஒரு தொளதொளச் சட்டையைப் போட்டு மறைத்துக்கொண்டு போவார். டியூஷன் சென்டர் மாடிப்படி வளைவில் அதைக் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் வைப்பார். ஒருமுறை மறந்துபோய் அப்படியே தெருவில் இறங்கிவிட்டார். வாடிக்கைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "எந்த ஓட்டல்ல சேந்திருக்கீங்க? கடையை மூடிட்டீங்களா?" என்று நிஜமான கவலையோடு கேட்டார். அன்றைக்கு வீடு வரைக்கும் அவர் தலை நிமிரவில்லை.

இவ்வளவு கூச்சப்படுகிற மனுஷனுக்கு எதற்கு நாலாவது பட்டை என்று நீங்கள் கேட்கலாம். காரணம் வீட்டில் இருந்தது. அவர் மனைவியின் தங்கை அசல் விமானி. எழுபது பேர் உட்காருகிற ப்ரொபெல்லர் விமானத்தைச் சின்ன ஊர்களுக்கு ஓட்டிக்கொண்டிருந்தாள். குடும்பத்தில் நாலு பேர் கூடினால் அவளைச் சுற்றித்தான் கூட்டம். மேகம் எப்படி இருக்கும், பயமாக இருக்காதா என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். பிறகு அவர் பக்கம் திரும்பி, "இந்த மூக்குக்கிட்ட வெக்கிற ரப்பர் கழண்டுடுச்சு, பாத்துத் தர்றீங்களா?" என்பார்கள். பார்த்துத் தருவார். அவருக்கு மைத்துனிமேல் பொறாமை கிடையாது, அவளைப் பார்த்தால் பெருமைதான். ஆனால் உலகத்தில் ஒரே ஒரு அறையிலாவது, நாலு பேர் தன்னையும் கேப்டன் என்று கூப்பிட்டால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றும். தோன்றிய உடனே வெட்கமாகவும் இருக்கும்.

அந்த வருஷம் சிமுலேட்டரை விற்கிற கம்பெனி ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. அடுத்து எந்தப் பயணிகள் விமானத்தைப் புதிதாகச் சேர்க்கலாம், இருக்கிறதில் எதைப் புதுப்பிக்கலாம் என்று கேட்டு, வாங்கின எல்லோருக்கும் ஒரே மாதிரி மெயில் போட்டிருந்தார்கள். தும்மி முடிப்பதற்குள் பதில் அனுப்பிவிடலாம். ஆனால் தலைவர் அதை எழுந்து நின்று வாசித்தார். முதுகைக் காட்டியபடிதான்.

"உலகம் நம்மிடம் ஆலோசனை கேட்டிருக்கிறது. அவசரப்பட்டுப் பதில் சொல்லி உலகத்தைக் கைவிட நான் தயாராக இல்லை."

சேர்ப்புக் குழு என்று ஒன்று போட்டார்கள். புதுப்பிப்புக் குழு என்று ஒன்று. கதவுச் சத்தத்துக்குத் தனியாக ஒரு துணைக்குழு, அதற்குத் தலைவர் மெத்தைக்கடை முதலாளி. அவருக்கு எந்த விமானத்திலும் கதவு சாத்துகிற சத்தம்தான் உயிர். செயலாளரான பல் டாக்டர் மூன்று குழுவிலும் இருந்தார். ரெட்டை மாடி விமானத்தைச் சேர்க்கச் சொல்ல வேண்டும் என்று ஒரு கோஷ்டி, மூணு இன்ஜின் வைத்த பழைய விமானத்தைத்தான் என்று ஒரு கோஷ்டி. இரண்டு கோஷ்டியும் பேசிக்கொள்வதை நிறுத்தி, கண்ட்ரோல் டவர் வழியாக மட்டும் பேசின. கண்ட்ரோல் டவர் என்றால் டீ கொண்டுவருகிற அம்மாள். "அவங்க இறங்கச் சொல்றாங்க சார்" என்று அந்த அம்மாள் ஒரு பக்கம் வந்து சொல்லும். "முடியாதுன்னு சொல்லும்மா" என்பார்கள். அதுவும் போய்ச் சொல்லும்.

இவ்வளவு சண்டைக்கு நடுவிலும் பேரவையின் எந்தத் தீர்மானமும் 'ஒருமனதாக' என்றுதான் வாசிக்கப்படும். வேறு வார்த்தை பேரவையில் கிடையாது. விமானம் ஒரே சமயத்தில் இரண்டு பக்கம் திரும்ப முடியாது என்பது தலைவரின் விளக்கம். கை தூக்காதவர் நாற்காலிக்கு அருகில் வந்து பல் டாக்டர் நிற்பார். கை தூக்கும்வரை நிற்பார்.

நம்முடைய ஆள் விரும்பியது ப்ரொபெல்லர் விமானம். பேரவையில் அதற்குக் 'காத்தாடி' என்று கேலிப் பெயர். அவர் பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை. மைத்துனி ஓட்டுகிற விமானம் சிமுலேட்டரில் வந்துவிட்டால், அவள் உட்காருகிற இடத்தில் தானும் உட்கார்ந்து பார்க்கலாம், அப்புறம் குடும்பம் கூடும்போது அவளிடம் உருப்படியாக ஒரு கேள்வியாவது கேட்கலாம். இதை அவளிடம் போனில் சொன்னபோது அவள் ரொம்ப நேரம் சிரித்தாள். சிரித்துவிட்டு, "லீவுல வர்றேன் மாமா. நானே வந்து அவங்ககிட்ட சொல்றேன், நல்ல வண்டி அது" என்றாள்.

மனைவிக்குத்தான் மனசு கேட்கவில்லை. "அவங்க ஒரு மாதிரி ஆளுங்கன்னு நீங்களே சொல்லுவீங்க. அவள உக்கார வெச்சு கேலி கீலி பண்ணிடப் போறாங்க."

"நான் இருக்கேன்ல" என்றார் அவர்.

மைத்துனி சாதாரணச் சுடிதாரில் வந்தாள். அதுவே முதல் கோணல். பேரவை முழுக்கத் தொப்பியோடு உட்கார்ந்திருக்க, அசல் விமானி கையில் ஒரு துணிப்பையோடு நுழைந்தாள். வாசலில் பல் டாக்டர் அவளிடம் போர்டிங் பாஸ் கேட்டார். உறவுக்காரர் என்ற முறையில் நம்முடைய ஆள் எழுந்து விளக்கப் போனார். சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்ததால் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார்.

தலைவர் விருந்தினருக்காக நாற்காலியைப் பாதி திருப்பிக்கொண்டார். கன்னம் மட்டும் தெரிந்தது.

"உங்க வீட்ல எத்தனை ஸ்கிரீன்?"

"ஸ்கிரீனா சார்? டிவி ஒண்ணு இருக்கு."

"சிமுலேட்டர்?"

"வீட்ல இல்ல சார்."

அறையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. தலைவர் கையை உயர்த்தி அடக்கினார். "அப்போ பயிற்சிக்கு என்ன பண்றீங்க?"

"வேலைக்குப் போறேன் சார்" என்றாள் அவள். கிண்டலாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆனால் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நம்முடைய ஆளுக்கு அந்தச் சிரிப்பு பிடரியில் விழுந்ததுபோல் இருந்தது. இவள் கொஞ்சம் பார்த்துப் பதில் சொல்லக் கூடாதா என்று நினைத்தார். அப்படி நினைத்ததைத்தான் பிற்பாடு அவரால் மறக்கவே முடியவில்லை. அவளுக்காக அவர் வெட்கப்பட்டார். பட்டையும் தொப்பியுமாக இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில், விமானம் ஓட்டுகிற ஒரே ஆளைப் பார்த்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

மெத்தைக்கடை முதலாளி எழுந்தார். "ஒரே ஒரு கேள்விதாம்மா. காத்தாடில முன்கதவு சாத்தறப்போ 'டப்'னு கேக்குமா, 'தொப்'னு கேக்குமா?"

"கதவை கேபின்ல இருக்கிற பொண்ணுங்க சாத்துவாங்க சார். எங்களுக்கு லைட் மாறும். லைட்டைத்தான் பாப்போம்."

"சத்தம்?"

"கவனிச்சதில்ல சார்."

அவர் துணைக்குழுவைப் பார்த்தார். துணைக்குழு அவரைப் பார்த்தது. "கதவு சாத்துனதே தெரியாம ஆகாயத்துல போயிட்டிருக்காங்க. எழுபது உசிரு" என்றார் ரொம்ப மென்மையாக. குரலில் அசல் துக்கம் இருந்தது.

அடுத்து பல் டாக்டர் திரையில் ஒரு காத்தாடியைக் கொண்டுவந்தார். யாரோ ரசிகர்கள் பொழுதுபோகாமல் செய்து இலவசமாக விட்டிருந்த அரைகுறை விமானம் அது. "இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க, பாப்போம்." அவள் திரையில் ஒரு இடத்தில் சுட்டியை வைத்துத் தேடினாள். அங்கே ஒன்றும் இல்லை. "இந்த ஸ்விட்ச் அசல்ல மேல இருக்கும் சார். இதுல கீழ வெச்சிருக்காங்க."

பல் டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நம்முடைய ஆளின் கடையில் வாங்கியதுதான். "ரெண்டுல ஒண்ணு தப்பு. இது போன மாசம் வந்த லேட்டஸ்ட். உங்க வண்டி எப்போ செஞ்சது?"

"அது ஆச்சு சார், பத்துப் பன்னெண்டு வருஷம்."

"பாத்தீங்களா" என்றார் டாக்டர் சபையைப் பார்த்து.

இந்தக் கட்டத்தில் தலைவர் பேச ஆரம்பித்தார். அவருடைய பேச்சுகளிலேயே அதுதான் சிறந்தது என்று பின்னாளில் பேரவையில் சொல்லிக்கொள்வார்கள்.

"நண்பர்களே, அசல் என்று ஒன்றைச் சொல்லி நம்மைப் பல காலமாக மிரட்டிக்கொண்டிருக்கிறார்கள். அசல் விமானத்தின் யோக்கியதை என்ன? மழை வந்தால் தாமதம். பனி வந்தால் ரத்து. உள்ளே குழந்தை அழுகிறது, ஒருவர் வாந்தி எடுக்கிறார், சாப்பாடு ஆறிப்போயிருக்கிறது என்று இன்னொருவர் புகார் எழுதுகிறார். நம் பேரவை இத்தனை ஆயிரம் தடவை பறந்திருக்கிறதே, ஒரு பயணி, ஒரே ஒரு பயணி, நம்மேல் குறை சொன்னதுண்டா? நான் வாரியத்தில் இருந்தபோதும் இதைத்தான் சொல்லுவேன். வரைபடத்தில் எல்லாத் தெருவுக்கும் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. தெருவில் வரவில்லை என்றால் அது தெருவின் கோளாறு. நான் கடைசிவரை வரைபடத்தின் பக்கம்தான் நின்றேன். அதற்காக எனக்குக் கேடயம் கொடுத்தார்கள்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மைத்துனியும் மரியாதைக்கு இரண்டு தட்டு தட்டினாள். பிறகு தலைவர், "விருந்தினர் சற்று வெளியே இருக்கட்டும். சபை முடிவெடுக்க வேண்டும்" என்றார். அவள் துணிப்பையை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். போகிற வழியில் நம்முடைய ஆளைப் பார்த்து, பரவாயில்லை என்பதுபோல் சிரித்துவிட்டுப் போனாள்.

பல் டாக்டர் தீர்மானத்தை வாசித்தார். வந்திருந்த பெண்மணி விமானி என்பதைப் பேரவையால் ஏற்க முடியவில்லை. அவரைப் பயிற்சி நிலையில் வைக்கலாம். காத்தாடியைச் சிமுலேட்டரில் சேர்க்கத் தேவையில்லை. மாறாக, உலகில் ஓடிக்கொண்டிருக்கும் காத்தாடிகள் எல்லாம் சிமுலேட்டரில் உள்ளபடி ஸ்விட்சைக் கீழே இறக்கித் தங்களைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

"கை தூக்குவதற்கு முன்னால் ஒரு வார்த்தை" என்றார் தலைவர். "அடுத்த அலுவல், நம் கண்ணாடிக்கடை நண்பருக்கு நாலாவது பட்டை. அவர் உறவுக்காரர் என்பது எல்லோருக்கும் தெரியும். உறவு பார்க்காத ஆள்தான் கேப்டன். ஆகவே முதல் கை அவருடையதாக இருந்தால் பேரவைக்கு அழகு."

எழுந்து நின்று, 'அவ நெஜமாவே பைலட்டு சார், நானே அவ ஓட்டின ஃப்ளைட்ல போயிருக்கேன்' என்று சொல்ல அவரிடம் வார்த்தை இருந்தது. ஆனால் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். பல் டாக்டர் நாற்காலிக்கு அருகில் வந்து நின்றார். இது வெறும் சங்கம்தானே, நாளைக்கு அவள் வேலைக்குப் போய் விமானத்தை ஓட்டத்தான் போகிறாள், இங்கே கை தூக்குவதால் அவளுக்கு என்ன குறையப் போகிறது என்று மனசு ஒரு கணக்கு போட்டது. இது வெறும் சங்கம் என்றால் பட்டை மட்டும் எதற்கு என்று கேட்க அந்த மனசுக்குத் தெரியவில்லை. கை மேலே போயிற்று. அதைப் பார்த்து மற்ற கைகளும் போயின.

பல் டாக்டர் அங்கேயே போனில் கருத்துக்கணிப்புப் பக்கத்தைத் திறந்தார். போன வாரமே முடிந்துவிட்டதாக அதில் போட்டிருந்தது. அனுப்பியதாகவே கருதிக்கொள்வது என்று முடிவாயிற்று, ஒருமனதாக.

மைத்துனியை உள்ளே கூப்பிட்டுத் தீர்மானத்தை வாசித்தார்கள். 'ஒருமனதாக' என்ற வார்த்தையில் டாக்டர் கொஞ்சம் நிறுத்தி அழுத்தினார். அவளுக்குப் 'பயிற்சி நிலை' என்று போட்ட ஒரு அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். அவள் நன்றி என்றாள். பிறகு நம்முடைய ஆளை முன்னால் அழைத்துத் தோளில் நாலாவது பட்டையைக் குத்தினார்கள். தலைவரே எழுந்து, திரும்பி நின்று கை கொடுத்தார். "வாழ்த்துகள், கேப்டன்." ஆசைப்பட்ட வார்த்தை காதில் விழுந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறையில் எல்லோரும் கைதட்டி ஓய்ந்த பிறகும் ஒரு ஜோடிக் கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. அது மைத்துனி.

அவளுடைய காரில்தான் திரும்பினார்கள். அவள் ஓட்டினாள். கழுத்தில் அந்த அட்டை இன்னும் தொங்கியது. அவர் தொளதொளச் சட்டையை மேலே போட்டுக்கொள்ள மறந்திருந்தார். இரண்டு தெரு தாண்டும்வரை பொறுத்தார். அதற்கு மேல் முடியவில்லை.

"ஒருமனதாகன்னு வாசிப்பாங்கம்மா. அது சும்மா ஒரு பேச்சு. எல்லாத்துக்கும் அப்படித்தான் போடுவாங்க. நான்... நான் எதுத்துத்தான் பேசினேன்."

அவள் வண்டியை ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் நிதானமாக ஒதுக்கி, முந்தி, மறுபடி பாதைக்குக் கொண்டுவந்தாள்.

"வராந்தாப் பக்கம் ஜன்னல் தொறந்திருந்துச்சு மாமா" என்றாள். "உங்க கைதான் முதல்ல போச்சு."

அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கோபமாக ஏதாவது சொல்லமாட்டாளா என்று காத்திருந்தார். சொன்னால் மன்னிப்புக் கேட்கலாம். அவள் சொல்லவில்லை.

"எனக்கு இது பெரிசா ஒண்ணும் இல்ல மாமா. வேலைல சேந்த புதுசுல இதைவிட எல்லாம் கேட்டாச்சு. ஆனா அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவ தாங்க மாட்டா."

"நான் வேணும்னா திரும்பிப் போயி இந்தப் பட்டையை..."

"வேணாம் மாமா. விடுங்க. அக்கா சமைச்சு வெச்சுட்டுக் காத்திட்டிருப்பா."

கதவைத் திறந்த மனைவி முதலில் தங்கையின் கழுத்தில் இருந்த அட்டையைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "என்னடி இது? என்ன ஆச்சு?"

"அவங்க ஒத்துக்கலக்கா. விடு, அதுங்க கெடக்குதுங்க." மைத்துனி செருப்பைக் கழற்றிக்கொண்டே பேசினாள். "ஆனா மாமா விடவே இல்ல. அத்தனை பேருக்கு நடுவுல ஒத்த ஆளா நின்னு எனக்காக வாதாடினாரு. கடைசில அவருக்குப் பயந்துதான் நாலாவது பட்டையே குடுத்தாங்க."

மனைவி அவரைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ விதமாக அவரைப் பார்த்திருக்கிறாள், இப்படிப் பார்த்ததில்லை. கண் கலங்கியிருந்தது. "நீங்களா? நாலு பேர் முன்னால வாயே தொறக்க மாட்டீங்களே."

அவர் வாயைத் திறந்தார். உண்மை வரவில்லை. மைத்துனி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவர் பக்கம் பார்க்கவே இல்லை.

அவர் முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் மனைவி தன் அம்மாவுக்கு போன் போட்டுவிட்டிருந்தாள். "ஆமாம்மா, ஒத்த ஆளா நின்னு... இல்லம்மா, இவரேதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள், அவரைப் பார்த்ததும் போனை நீட்டினாள். "அம்மா உங்ககிட்ட பேசணுமாம்."

ஈரக் கையைப் பேன்ட்டில் துடைத்துவிட்டு வாங்கினார்.

"மாப்ள," என்றார் மாமியார். குரல் தழுதழுத்தது. "என் பொண்ணுக்காக அத்தனை பேர் முன்னாடி பேசினீங்களாமே. நெசமா?"

மேசையில் மைத்துனி சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா அத்தை" என்றார் அவர்.